எங்கள் எல்லையில் ஒரு மாசிடோனியர்

பழைய மாசிடோனியர்கள் கிரேக்கர்களா இல்லையா என்பதைத் தீர்மானிக்க ஒரு மனிதர் பழவேற்காட்டுக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் புறப்பட்டு வருவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவருக்குத் துணையாக நானே போக நேரும் என்றால் இன்னும் நம்பியிருக்க மாட்டேன்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் சரித்திர டியூட்டர். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். கிரேக்க தேசத்தில் மாசிடோனியப் பகுதியிலுள்ள சலோனிக்கா நகரத்திலிருந்து நிக்கோஸ் என்ற இளம் ஆசிரியர் எங்கள் கல்லூரிக்கு விருந்தாளியாக வந்திருந்தார். திங்கட்கிழமை அவருடைய சொற்பொழிவு. பொருள், மாசிடோனியர் யார், அவர்கள் பேசிய மொழி என்ன என்பது. அலெக்ஸாண்டரையும் அவன் தகப்பன் பிலிப்பையும் பெற்ற ஜனம் அது. ஆனால் அவர்கள் வாயில் புழங்கிய பேச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள்தான் இன்றைக்கு மிச்சம். வெட்டிய கல்லும் அடித்த காசும் மட்டும் கிரேக்க எழுத்தில் கிடைக்கின்றன. அதனால் கிரேக்க மரத்தின் ஒரு கிளைதான் அவர்கள் என்கிறது ஒரு கட்சி. வேற்று ஜனம், கிரேக்கத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்கள் என்கிறது இன்னொரு கட்சி. நிக்கோஸ் முதல் கட்சி. நான் பி.ஏ.வில் படித்த இங்கிலீஷ் புத்தகம் இரண்டாவது கட்சி. அதனால் கைகுலுக்கிய நாளிலிருந்தே எங்களுக்குள் வழக்கு.

"இரண்டு மொழி கலந்து பேசுகிற எல்லையூர் ஒன்றை நான் பார்க்கவேண்டும்" என்று அவர் பிரின்ஸிபாலிடம் கேட்டார். "கல்லில் இருப்பதற்கும் வாயில் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று கண்ணால் பார்க்கவேண்டும்."

பிரின்ஸிபால் என்னைப் பார்த்தார். "முனிரத்தினம், உன் ஊர் அந்தப் பக்கம்தானே?"

அரை மனசோடு ஆமென்றேன். காரணம் என் தங்கை வேணி. ஆந்திரம் தனியாகப் பிரிந்தபோது எங்கள் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது. திருவள்ளூர் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. வேணி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். திருவள்ளூரில் ஓர் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில், எல்லைக்கு அப்பால் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடத்துக்கு அவளை அந்த வாரச் சனிக்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள். தமிழ்க் குடும்பம்தான் என்று சொல்ல ஊரில் மதிப்புள்ள ஒருவர் கூட வரவேண்டும். இடம் கிடைக்காவிட்டால் தை மாசம் கல்யாணம் என்று எங்கள் நைனா முடிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது.

நாங்கள் தமிழ்க் குடும்பமா என்று சென்னையில் கேட்டால் உடனே ஆமென்பேன். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். தகப்பனாரை நைனா என்போம்; அவர் பேசுவது தெலுங்கு. அம்மா பேசுவது தமிழ். நானும் வேணியும் எதிரில் நிற்பவரைப் பார்த்து எது வேண்டுமோ அதைப் பேசுவோம். இந்த நிலைமையில், இதையே ஆராய்கிற ஒருவரை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன்.

புதன்கிழமை பழவேற்காட்டில் ஹமீது பாய் வீட்டில் இறங்கினோம். கருவாடும் லுங்கியும் கப்பலேற்றுகிற குடும்பம். அவருடைய மகன் என்னோடு படித்தவன். இலை போட்டார்கள். நண்டுக் குழம்பு, இறால் வறுவல். கிரேக்கருக்குக் காரம் ஏறி மூக்கு சிவந்துவிட்டது. இருந்தும் நண்டை ஓடு தெறிக்க உடைத்து உறிஞ்சிய வேகத்தைப் பார்த்து ஹமீது பாய், "தொரை நம்மூட்டு ஆளுதாம்பா" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் நிக்கோஸ் ஆரம்பித்துவிட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"நீங்கள் தொழுவது அரபியில். அப்படியானால் நீங்கள் அரபிகளா?"

ஹமீது பாய் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "தொழுவறது அல்லாகிட்ட. சண்ட போடறது பொஞ்சாதிகிட்ட. நெல்லூர் யாவாரிகிட்ட தெலுங்குல பேரம். மூணுக்கும் ஒரே பாஷ வெச்சிக்கினா பொழப்பு ஓடுமா, தொரை?"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "சண்ட போடறது நானா, அவரான்னு கேளு தம்பி."

சாயங்காலம் டச்சுக்காரர்களின் பழைய இடுகாட்டுக்குப் போனோம். பெரிய பெரிய கற்பலகைகள். எலும்புக்கூடு, கப்பல், சிங்கம் எல்லாம் செதுக்கி, டச்சு எழுத்தில் வரிவரியாக எழுதியிருக்கிறது. ஆடுகள் அவற்றின் மேல் ஏறி நின்று முள்மரத்து இலையை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தன. எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

"இரண்டாயிரம் வருஷம் கழித்து இங்கே ஒருவர் தோண்டுகிறார். இந்தக் கல் மட்டும் கிடைக்கிறது. பழவேற்காட்டு ஜனங்கள் டச்சு பேசினார்கள் என்று எழுதிவிடலாமா?"

நிக்கோஸ் இதை எதிர்பார்த்தவர்போல் சிரித்தார். "இது வந்து போன வியாபாரியின் கல். எங்கள் ஊரில் அப்படியில்லை. சாதாரணக் குடியானவனின் சமாதியிலும் அவன் பேரும் அவன் தகப்பன் பேரும் கிரேக்கப் பேராக இருக்கின்றன."

"பேர்தானே? ஹமீது பாயின் பேர் அரபு. அவர் தகப்பனார் பேரும் அரபு. கொஞ்சம் முன்னால்தான் தமிழில் திட்டு வாங்கினார்."

"இன்னாபா, ரெண்டு பேரும் என் பேரையே உருட்டிக்கினு கீறீங்க?" என்றார் கூட வந்த ஹமீது பாய். நான் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "அந்த மாசிடோனியாக்காரனுங்க ஊட்ல இன்னா பேசினானுங்கன்னு அவனுங்க பொஞ்சாதிங்களக் கேட்டுக் கல்லுல எழுதியிருந்தா இந்தப் பேஜாரே இல்ல" என்றார். நிக்கோஸ் இதற்குச் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை காலையில் ஏரியில் படகேறினோம். பாதி தூரத்தில் படகு சேற்றில் குந்திக்கொண்டது. படகுக்காரர் கொஞ்சமும் பதறாமல், "எறங்குங்க சாமி, எறங்கித் தள்ளுங்க" என்றார். ஏரி நடுவே இடுப்பளவுகூடத் தண்ணீரில்லை. பக்கத்தில் ஒரு கூட்டம் நாரைகள் நின்றுகொண்டிருந்தன. நிக்கோஸ் கால்சட்டையைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு தள்ளினார். பின்னாலிருந்து பார்த்தால் அவரும் ஒரு பெரிய நாரைதான்.

கும்மிடிப்பூண்டியில் நாஷ்டா. இட்லியும் வடைகறியும். நிக்கோஸ் தயிர் கேட்டார். கடைக்காரர் சோற்றுக்குத்தான் தயிர் என்றார். இவர் வெறும் தயிராகவே ஒரு கிண்ணம் வாங்கி, எங்கள் ஊர்த் தயிர் இதைவிடக் கெட்டி, கத்தியால் வெட்டலாம் என்று பெருமை அடித்துக்கொண்டார். அதை மொழிபெயர்த்ததும் கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க தயிர வெட்டறதுக்கு இன்னாத்துக்கு கத்தி? நாங்க இன்னா தச்சனா?"

அங்கிருந்து திருவள்ளூருக்கு பஸ். ஊத்துக்கோட்டை தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துப் புகை விட்டது. கண்டக்டர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணறு தேடிப் போனார். நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அப்போது நிக்கோஸ் அந்தப் பந்தயக் கதையைச் சொன்னார். பழைய கிரேக்க சரித்திரக்காரர் ஒருவர் எழுதிவைத்தது.

அலெக்ஸாண்டருக்கு நாலைந்து தலைமுறை முன்னால் அதே பேரில் ஒரு மாசிடோனிய அரசன் இருந்தான். ஒலிம்பியாவில் ஓட்டப்பந்தயம் ஓடப் போனான். கூட ஓட வந்தவர்கள் மறித்தார்கள். இது கிரேக்கர்களுக்கு மட்டுமான பந்தயம், நீ அந்நியன் என்றார்கள். என் முன்னோர் ஆர்கோஸ் என்ற கிரேக்க ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று அவன் வம்சாவளி சொன்னான். நடுவர்கள் கேட்டுவிட்டு, சரி, கிரேக்கன்தான், ஓடலாம் என்றார்கள். ஓடி, முதலில் வந்தவனோடு சரிசமமாக வந்தான்.

"பார்த்தீர்களா, நடுவர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்றார் நிக்கோஸ்.

"அதில்தான் என் சந்தேகம்" என்றேன். "ஏதென்ஸ்காரன் ஒருவன் ஓட வந்தால் வம்சாவளி கேட்பார்களா? இவனிடம் மட்டும் ஏன் கேட்டார்கள்?"

பதிலுக்கு அவர் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் தண்ணீரோடு வந்துவிட்டார். ஆனால் பஸ் ஏறியபின்கூட என் மனசு அந்தக் கதையிலேயே நின்றது. சனிக்கிழமை வேணி போய் நிற்கப் போவதும் இப்படிப்பட்ட நடுவர்கள் முன்னால்தான். அவளுக்கென்று நானும் ஒரு வம்சாவளி தயார் செய்து, ரெண்டு மாசமாகக் கடிதத்தில் ஒப்பிக்கச் சொல்லியிருந்தேன். எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், வீட்டில் தமிழ்தான், தகப்பனாரை அப்பா என்றுதான் அழைப்போம். சாட்சிக்கு, ஊரில் சர்க்கார் வரி வசூலிக்கிற எங்கள் கிராம முன்சீப் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனோம். வழியில் ஓரிடத்தில் கண்டக்டர், "இதோ, ஆந்திரா வந்துட்டோம்" என்றார். நிக்கோஸ் அவசரமாகத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் பனைமரம். அந்தப் பக்கமும் பனைமரம். ஓர் எருமை இரண்டு ராஜ்யத்திலும் கால் வைத்து நின்றுகொண்டிருந்தது.

பொதட்டூர்பேட்டையில் இறங்கி, மாட்டு வண்டியில் எங்கள் கிராமத்துக்குள் நுழைந்தபோது ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. முன்சீப் தலைப்பாகை கட்டி, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழத்தோடு முன்னால் நின்றார். எல்லையை விசாரிக்க ஓர் ஆபீசர் வரப்போகிறார் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு இருந்திருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவரை முனிரத்தினம் அழைத்து வருகிறான் என்று நைனா யாரிடமோ சொல்லப் போக, அவர்தான் இவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் வண்டியிலிருந்து குதித்து, "இவர் ஆபீசர் இல்ல, மாமா. அலெக்ஸாண்டர் ஊர்க்காரர்" என்றேன்.

"அலெக்ஸாண்டர் தொரையா? முன்னே சித்தூர்ல கலெக்டரா இருந்தாரே, அவரு சொந்தக்காரரா?" என்றார் முன்சீப். இதற்குமேல் நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. ரகசியமாக விசாரிக்க வந்திருக்கிறார், அதனால்தான் மறைக்கிறான் என்று அவர்களே ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொண்டார்கள்.

முன்சீப் எலுமிச்சம்பழத்தை நிக்கோஸ் கையில் வைத்துவிட்டு, நல்ல தெலுங்கில், இந்த ஊரில் எல்லாரும் ஆதிகாலத்திலிருந்து தெலுங்கர்களே என்று அறிவித்தார். ஏரிக்கு வாய்க்கால் வெட்டுவதாக ஆந்திர அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். வாய்க்கால் வரும்வரை தெலுங்கர் என்பது அவர் கணக்கு. மேலத் தெருக்காரர்கள் நெல் விற்பது திருவள்ளூரில். அவர்களுடைய பெரியவர் முன்னால் வந்து, தமிழில், "பொய்யிங்க தொரை. ஊரே தமிழு" என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கவனித்தேன். ஊரே தெலுங்கு என்று சொன்ன முன்சீப், ஆத்திரம் ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிட்டார். "டேய், வாய்க்கா வந்தா உன் கொல்லிக்கும்தாண்டா தண்ணி! அறிவு கீதா உனுக்கு?" ஊரே தமிழ் என்று சாதித்த மேலத் தெருக்காரர் தெலுங்கில் அவருடைய தாயாதி வகையெல்லாம் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நிக்கோஸ் மட்டும் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் சந்தோஷமாக நின்றார்.

எனக்குச் சந்தோஷம் நீடிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் முன்சீப் என்னைத் தனியாக இழுத்தார்.

"முனி, நாளைக்கு நான் திருவள்ளூர் வரமாட்டம்பா."

"மாமா! வாக்குக் குடுத்தீங்களே!"

"குடுத்தேன். இப்ப தொரகிட்ட ஊரே தெலுங்குன்னு பழம் குடுத்துச் சொல்லிட்டேன். நாளைக்கி அங்க வந்து உங்க குடும்பம் தமிழுன்னா, என் முன்சீப் வேல நிக்குமா? நீயே சொல்லு."

"அவரு ஆபீசரே இல்லன்னு சொல்றேனே!"

"அப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்று அனுதாபத்தோடு என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வேணி முறத்தைக் கீழே வைத்தாள். நைனா மாட்டுக் கயிற்றைத் திரித்துக்கொண்டே, "சரி. தை மாசம் தூரமில்ல" என்று தெலுங்கில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

நிக்கோஸுக்கு விஷயத்தைச் சொன்னேன். தன்னால் ஒரு பெண்ணின் படிப்புக்குச் சாட்சி போய்விட்டது என்று தெரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. நாளைக்கு நானும் வருகிறேன், நான் யார் என்று நானே சொல்கிறேன் என்றார்.

அம்மா கேழ்வரகுக் களியும் புளிச்சக்கீரையும் போட்டாள். விருந்தாளிக்குக் களியா என்று நான் முனகினேன். அவரோ களியைக் கிள்ளிக் கீரையில் தோய்த்துப் பழக்கப்பட்டவர்போல் விழுங்கினார். அவர் ஊரிலும் சோள மாவில் இப்படிக் கிண்டுவார்களாம். அப்போது கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு வந்து காயப்போட்ட நெல்லில் வாய் வைத்தது. அதன் மூஞ்சி வேக என்று வைதுகொண்டே அம்மா கரண்டியோடு ஓடினாள். "நீ மொகம் மண்ட! போ, போவே!"

நிக்கோஸ் நிமிர்ந்தார். "இது தெலுங்குதானே? உங்கள் தாயார் தமிழர் என்றீர்களே?"

"தமிழர்தான். திருநின்றவூர்ப் பக்கம் பிறந்தவள். ஆனால் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டு மாடுகளுக்குத் தெலுங்கு மட்டும்தான் புரிந்ததாம்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு சொன்னார்: அலெக்ஸாண்டர் ஒரு விருந்தில் கோபம் தலைக்கேறி மெய்க்காவலர்களை மாசிடோனிய மொழியில் கூவி அழைத்தான் என்று ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. ஆத்திரத்தில் வருவதுதான் பிறவி மொழி, அதுவும் கிரேக்கத்தின் ஒரு கொச்சைதான் என்று அதை வைத்துச் சொற்பொழிவில் ஒரு பக்கம் பேச இருந்தாராம்.

"மெய்க்காவலர்களுக்குப் புரிகிற மொழியில் கூப்பிட்டிருப்பான், அவ்வளவுதான்" என்றேன்.

வேணி பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த ராசாங்க எங்கேந்து பொண்ணு எடுப்பாங்கன்னு கேளு ண்ணா" என்றாள்.

கேட்டேன். சுற்றிலும் உள்ள எல்லா ராஜ்யத்திலிருந்தும் எடுத்தார்கள் என்றார். அலெக்ஸாண்டரைப் பெற்றவள் எபிரஸ் தேசத்துக்காரி. பிலிப்பின் வீட்டில் வேற்று தேசத்துப் பெண்கள் இன்னும் பலர்.

"அப்ப நம்மூரு கதைதான். வந்த பொண்ணோட பாஷதான் அடுப்பங்கரையில. இன்னா ஒண்ணு, நம்மூட்ல ஒரு தலைமுறைக்கு ஒருத்திதான். அங்க ஒரே அடுப்பங்கரைக்கு அத்தினி பேரு. சட்டியெல்லாம் ஒடஞ்சிருக்கும்."

நிக்கோஸ் சிரித்தார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "என் தாயாருக்குக் கிரேக்கம் வராது. அவள் பேசியது துருக்கி. மதத்தால் கிரேக்கர் என்று கணக்கெடுத்து, துருக்கி தேசத்திலிருந்து அவர்கள் கிராமத்தையே கப்பலேற்றி மாசிடோனியாவில் இறக்கிவிட்டார்கள். சந்தையில் அவள் வாய் திறந்தால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் விலை கேட்க என்னை அனுப்புவாள்." இதை நான் மொழிபெயர்த்ததும் அம்மா ஒன்றும் கேட்காமல் அவர் தட்டில் இன்னொரு உருண்டை களியை வைத்தாள்.

சனிக்கிழமை திருவள்ளூர். பயிற்சிப் பள்ளித் தாழ்வாரத்தில் இன்னும் சில பெண்கள் சாட்சிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களோடு இருந்தது ஒரு கிரேக்கர். வேணியை உள்ளே அழைத்ததும் நாங்கள் இருவரும் ஜன்னலுக்குப் பக்கத்து பெஞ்சுக்கு நகர்ந்துகொண்டோம். உள்ளே தலைமை அம்மாள் ஒருவர், வெள்ளை அங்கவஸ்திரத்தோடு தமிழ்ப் பண்டிதர் ஒருவர்.

பண்டிதர் கேட்டார்: "தகப்பனாரை வீட்டில் எப்படி அழைப்பாய், அம்மா?"

ரெண்டு மாசமாக ஒப்பித்த கேள்வி.

"நைனான்னுங்க" என்றாள் வேணி.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"நைனா என்பது தெலுங்கல்லவா?"

"எங்க ஊர்ல தமிழு பேசறவங்களும் அப்பிடித்தாங்க கூப்புடுவாங்க."

"சமையற்கட்டில் என்ன பேச்சு?"

"இப்ப தமிழுங்க. எங்கம்மா இந்தப் பக்கத்துப் பொண்ணு. நைனாவப் பெத்தவங்க நகரிப் பக்கம். அவங்க இருந்த வரைக்கும் தெலுங்குன்னு சொல்லுவாங்க."

"இனிமேல்?"

"அண்ணன் எங்கேந்து கட்டிக்கினு வருதோ, அத்தப் பாத்துத்தாங்க சொல்லணும்."

தலைமை அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பண்டிதர் சிரிக்கவில்லை. தமிழ்க் குடும்பம் என்று சொல்ல யார் வந்திருக்கிறார் என்று கேட்டார். முன்சீப் ஏன் வரவில்லை என்பதை வேணி ஒன்று விடாமல் சொன்னாள். எலுமிச்சம்பழத்தைக்கூட விடவில்லை. இரண்டு பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். நிக்கோஸ் எழுந்து நின்று, கைகூப்பி, நான் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார்: "வணக்கம்."

பண்டிதர் வேணியிடம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "பெண்ணே, நீ பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த இடம் எல்லைத் தமிழருக்காகக் கேட்டு வாங்கியது. வெளியே உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு இப்படிச் சந்தேகம் எதுவும் இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?"

அவர் சொன்னது நியாயம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேணி எழுந்திருக்கவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் இருங்கள்" என்றார் தலைமை அம்மாள். "தெலுங்கு வாத்திச்சிக்கு ஓர் இடம் ரெண்டு வருஷமாகக் காலியாகவே கிடக்கிறது. ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு இந்த ராஜ்யம், அந்த ராஜ்யம் என்ற பேச்சு இல்லை. ஏம்மா, தெலுங்கு எழுதப் படிக்க வருமா?"

"ஊரு பிரிஞ்சப்பறம் இஸ்கூல்ல அதுவும் படிச்சேங்க."

"சரி. ஆனால் சோதிக்கிறது யார்? இங்கே தெலுங்கு தெரிந்தவர் யாருமில்லையே."

பண்டிதர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். கனைத்தார். பிறகு வேணியைப் பார்த்துத் தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார். அப்புறம் இன்னொன்று. நாங்கள் பேசுகிற கலப்படத் தெலுங்கு அல்ல. நைனாவின் தாயார் ஊரில் கல்யாண வீடுகளில் பேசுவார்களே, அந்த மாதிரித் தெலுங்கு. வேணி தடுமாறினாள், சமாளித்துக்கொண்டாள், பிறகு சரளமாகப் பேச ஆரம்பித்தாள். ஒரு கட்டத்தில் இருவரும் சோதனையை மறந்து, நகரியில் எந்தத் தெரு, யார் வீடு என்று பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

தலைமை அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, இத்தனை வருஷமாக நீங்கள் சொன்னதே இல்லையே?"

"காதில் விழுந்ததுதான், அம்மா" என்றார் பண்டிதர். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். "பெண்ணுக்குப் பாஷை நன்றாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம்."

வெளியே வந்ததும் ஹோட்டலுக்குப் போனோம். வேணி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏன் அப்பான்னு சொல்லல?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வாயில வரல ண்ணா. வேற யாரையோ கூப்புடறாப்பல இருந்துச்சி."

"தமிழ்ப் பொண்ணாப் போயி தெலுங்குப் பொண்ணா வந்திருக்கே. காலேஜ்ல நான் தமிழ் மன்றத்துல இருக்கறவன். கேட்டா என்ன சொல்லுவேன்?"

"தங்கச்சி வாத்திச்சி ஆவப் போறான்னு சொல்லு. இன்னொரு தோசை சொல்லு."

நிக்கோஸ் தயிரைக் கலக்கிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். "கட்சி மாறமாட்டேன். மாசிடோனியர் கிரேக்கர்களே என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்" என்றார். "ஆனால் 'நிரூபணமாகிவிட்டது' என்று எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துவிடுவேன். அந்தக் குடியானவன் சமாதிக் கல்லை வெட்டியவன் எந்த ஊரான், அவனிடம் பேர் சொன்னவள் எந்த மொழியில் சொன்னாள், எனக்குத் தெரியாது." நானும் என் இங்கிலீஷ் புத்தகத்தை அவ்வளவு நம்பவேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் சென்னைக்கு ரயிலேறும்போது அவர் கையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டேன்.

வேணியும் நானும் ஊர் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. நைனா களத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்தேன். வேணி என்னைத் தடுத்து, அவளே போய்த் தெலுங்கில் சொன்னாள். இடம் கிடைத்துவிட்டது, படித்து முடித்தால் தெலுங்கு வாத்திச்சி, சம்பளம் உண்டு, தை மாசக் கல்யாணம் வேண்டாம்.

நைனா வெகுநேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இப்ப நான் பேசறது, இதெல்லாங்கூட எழுத வருமா?"

"வரும் நைனா."

"என் பேர எழுது, பாக்கலாம்."

இத்தனை வருஷமாக அவர் பேரை நானும் அவளும் எங்கு எழுதினாலும் தமிழில்தான் எழுதியிருக்கிறோம். வேணி ஒரு குச்சியை எடுத்து, களத்து மண்ணில், வட்டம் வட்டமான எழுத்தில் பெரிதாக எழுதினாள். நைனா குனிந்து பார்த்தார். எழுத்தைத் தொடாமல் அதன் மேலாகவே விரலை ஓட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, "எப்ப சேரணும்?" என்றார்.

பிறகு மாட்டை அவிழ்த்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். நேராகப் போனால் பத்தடி. அவர் அந்த எழுத்துகளைச் சுற்றிக்கொண்டு, மாட்டையும் இழுத்துப் பிடித்துச் சுற்றவைத்து, களத்தோரமாகப் போனார்.